காயல் துறைக் குதிரைகளும் கடிவாளத்தின் கணக்கும்

சென்ற ஆண்டு சிவகாசியில் ஒரு நிக்காஹ் ஊர்வலத்தைக் காண நேர்ந்தது. மாப்பிள்ளை வெண்குதிரை மீது அமர்ந்திருந்தார். தெருமுனையில் சரவெடி கொளுத்தினார்கள். குதிரை தலையை உயர்த்தி இரண்டடி பின்வாங்கிற்று. அதைப் பிடித்திருந்தவர் கடிவாளத்தைச் சுண்டி இழுத்தார். வெடி தொடர்ந்தது, இழுப்பும் தொடர்ந்தது. சற்று நேரத்தில் குதிரையின் கடைவாயில் வழிந்த நுரை இளஞ்சிவப்பாக மாறியது. "மிரள்கிற குதிரை" என்றனர் கூடியிருந்தோர்.

ஊர்வலம் நின்றபோது அருகே சென்று பார்த்தேன். அந்தக் கடிவாளம் வேறொரு குதிரையின் தலைக்காகத் தைக்கப்பட்டது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. கன்ன வார்கள் கடைசித் துளைவரை இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. வாயிரும்பு உதட்டோரங்களை மேல்நோக்கி இழுத்து நாலைந்து மடிப்புகளாக்கியிருந்தது. நெற்றிப்பட்டை குறுகலாக இருந்ததால் தலைவார் முன்னுக்கு வந்து காதின் அடியை அறுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் பெருமிதத்தோடு சொன்னார்: "குதிரையோடு இந்த நாட்டுக்கு வந்தவங்க தம்பி நாம."

அவர் சொன்னதில் வரலாறு உண்டு. ஆனால் அந்த வரலாற்றை முழுவதுமாகப் படித்தால் பெருமைக்குப் பக்கத்திலேயே ஒரு கேள்வியும் நிற்கிறது. குதிரையைக் கொண்டுவந்தவர்கள், அதைப் பேணும் அறிவையும் உடன் கொண்டுவந்தார்களா? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

கடல் வழியே வந்த குதிரை

தமிழகம் குதிரைக்கு ஏற்ற நிலமன்று. இங்கே பசுமையான மேய்ச்சல் வெளி குறைவு, பார்லி விளைவதில்லை, ஈரப்பதம் மிகுந்த வெப்பம் குதிரையின் உடலுக்கு ஒவ்வாது. ஆகவே நல்ல குதிரைகள் மிகப் பழங்காலம் முதலே கடல் கடந்து வந்தன. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கப்பலில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது.

இவ்வணிகம் உச்சத்தை எட்டியது 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாண்டியர் ஆட்சிக் காலத்தில். தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தருகே இருந்த காயல் அப்போது பெருந்துறைமுகம். இன்றைய பழையகாயலும் காயல்பட்டினமும் அந்தப் பெயரைச் சுமந்து நிற்கின்றன. சோழமண்டலக் கரையை அரபியர் 'மஅபர்' என்று அழைத்தனர். கடக்கும் இடம் என்பது அச்சொல்லின் பொருள். பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஏமன், ஓமன் கரைகளிலிருந்தும் புறப்பட்ட மரக்கலங்கள் பருவக்காற்றைப் பற்றிக்கொண்டு இக்கரையை அடைந்தன.

ஷீராஸைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நூலில் இவ்வணிகத்தின் கணக்கைத் தருகிறார். பாரசீக வளைகுடாவின் கைஸ் தீவை ஆண்ட வணிகப் பெருமகன் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், ஆண்டுதோறும் தம் சொந்த வளர்ப்பில் 1,400 குதிரைகளை மஅபருக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். இவை தவிர கதீஃப், அல்-அஹ்ஸா, பஹ்ரைன், ஹுர்முஸ், கல்ஹாத் ஆகிய இடங்களிலிருந்து கிடைக்கும் குதிரைகளையும் அனுப்புவதாக ஏற்பாடு. ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். அப்படியானால் அந்த 1,400 குதிரைகளின் விலை மட்டும் 3,08,000 தீனார். அதற்கு முந்திய தலைமுறையில், அத்தாபக் அபூபக்ர் பாரசீகத்தில் ஆண்ட காலத்தில், ஆண்டுக்கு 10,000 குதிரைகள் மஅபர், கம்பாயத் முதலிய துறைகளுக்கு ஏற்றுமதியானதாகவும் அவற்றின் மதிப்பு 22,00,000 தீனார் என்றும் அவர் குறிக்கிறார்.

ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னரிடம் அமைச்சராகவும் ஆலோசகராகவும் விளங்கினார். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்தன. கடலின் அக்கரையில் அண்ணன் அனுப்ப, இக்கரையில் தம்பி இறக்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. காயலில் இறங்கிய குதிரைகள் மதுரையை நோக்கி நேர்வழியில் நடந்திருந்தால், அவை மிதித்துச் சென்றது நம் சாத்தூர், விருதுநகர் வட்டாரக் கரிசல் மண்ணைத்தான்.

குதிரையோடு வந்த சொற்களும் இங்கே தங்கிவிட்டன. கடிவாளத்தைப் பிடிக்கும் வாரை இன்றும் 'லகான்' என்கிறோம். அது பாரசீகத்து 'லகாம்'. 'இராவுத்தர்' என்ற சொல்லுக்குத் தமிழில் குதிரை வீரர் என்று பொருள். 15-ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் மயில் மீதமர்ந்த முருகனையே அச்சொல்லால் விளித்திருக்கிறார் என்றால், அது எவ்வளவு மதிப்பான பெயராக இருந்திருக்க வேண்டும்! தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்தின் நாயக்கர் காலச் சுவரோவியங்களில் குதிரைகளை ஏற்றி வரும் மரக்கலமும் அரபு வணிகரும் தீட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

பெரியவர் கொண்ட பெருமிதத்துக்கு ஆதாரம் இவையெல்லாம்.

கயிறு மாறுதல்

இனி வணிகத்தின் உள்ளே நுழைவோம். குதிரை வாங்கச் சென்ற பாண்டிய அமைச்சர் மாணிக்கவாசகரின் கதை தமிழர் அனைவரும் அறிந்தது. இறைவனே குதிரை வணிகனாய் மதுரைக்கு வந்ததாக அக்கதை கூறும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் அக்காட்சியை விவரிக்கும்போது 'கயிறு மாறுதல்' என்னும் வழக்கத்தைச் சொல்கிறது. விற்பவன் குதிரையின் கயிற்றை வாங்குபவன் கையில் ஒப்படைப்பான். கயிறு மாறிய பிறகு குதிரைக்கு என்ன நேர்ந்தாலும் விற்றவன் பொறுப்பல்லன். நாளை வழக்கு என்று வந்து நிற்க முடியாது.

கதை புராணத்துக்குரியது. ஆயினும் வழக்கம் சந்தையில் பிறந்தது. மாட்டுத் தாவணியில் இன்றும் கயிறு கைமாறும் கணத்தில்தான் விற்பனை முடிகிறது. குதிரையின் வாயிலிருந்து நீளும் அந்தக் கயிறு, பொறுப்பு யாருடையது என்பதற்கான பத்திரமாகவும் இருந்தது.

காயல் துறையில் வணிகர் பெற்ற உறுதி இதைவிடப் பெரியது. குதிரைகள் இறந்துபோனால் அவற்றின் விலையையும் அரசுக் கருவூலமே தரவேண்டும் என்பது ஒப்பந்தம் என்று வஸ்ஸாஃப் எழுதுகிறார். இதே ஏற்பாடு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் தொடர்ந்தது. விஜயநகரத்தில் தாமே குதிரை வணிகம் செய்த போர்த்துக்கீசியர் பெர்னாவோ நூனிஸ், சாளுவ நரசிம்மர் காலத்தைப் பற்றி ஒரு செய்தி தருகிறார். கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும்; உயிருள்ள குதிரைக்குரிய பணத்தை அரசர் கொடுத்துவிடுவாராம்.

கடற்பயணத்தின் ஆபத்தைத் தாங்கும் வணிகனுக்கு இவ்வுறுதி நியாயமானதே என்று வாதிடலாம். ஆனால் குதிரை செத்தாலும் பிழைத்தாலும் வருமானம் ஒன்றே என்றாகிவிட்டால், அதன் உயிரைப் பற்றிக் கவலைப்பட விற்பவனுக்கு என்ன காரணம் மிஞ்சும்?

இரு சாட்சிகள்

காயலில் இறங்கிய குதிரைகள் அதன் பிறகு என்னவாயின? இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள்.

முதலாமவர் வஸ்ஸாஃப். இந்நாட்டில் குதிரைகளுக்கு வறுத்த பார்லியும் நெய் சேர்த்துச் சமைத்த தானியமும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைக்கிறார்கள் என்கிறார். கொழுப்பதற்காக நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் லாயத்தில் கட்டிப் போடுகிறார்கள். பிறகு எந்தப் பயிற்சியும் தராமல், அங்கவடி முதலான சவாரிக் கருவிகள் இல்லாமல், வீரர்கள் ஏறி வெறியோடு ஓட்டுகிறார்கள். சிறிது காலத்திலேயே காற்றெனப் பறந்த குதிரைகள் வலுவிழந்து, மந்தமாகி, ஒன்றுக்கும் உதவாமல் போகின்றன. அதனால்தான் ஆண்டுதோறும் புதுக்குதிரை தேவைப்படுகிறது, வணிகரும் கொண்டுவந்தபடி இருக்கிறார்கள் என்று முடிக்கிறார்.

இரண்டாமவர் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. 1290-களின் தொடக்கத்தில் இக்கரையைக் கடந்து சென்றவர். மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார், அவருடைய சகோதரர்களும் அவ்வளவே வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட உயிரோடு இருப்பதில்லை என்று எழுதுகிறார். இங்கே குதிரை மருத்துவம் அறிந்தவர் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். அதற்கடுத்து அவர் எழுதுவதுதான் நம்மைச் சுடுவது. குதிரை கொண்டுவரும் வணிகர்கள் லாடம் கட்டுவோரையும் மருத்துவரையும் உடன் அழைத்து வருவதில்லை. பிறர் வரவும் விடுவதில்லை. குதிரைகள் சாவதில்தான் அவர்களுக்கு இலாபம்.

இச்சாட்சியங்களை அப்படியே விழுங்கவும் கூடாது. தூக்கி எறியவும் கூடாது. போலோ வழியில் கேட்டவற்றையும் கலந்து எழுதுபவர். நூறுகூட மிஞ்சவில்லை என்பது மிகையாக இருக்கலாம். வஸ்ஸாஃபுக்கு இச்செய்திகள் வணிகர் வாயிலாக வந்திருக்கக்கூடும். விற்பவர் வாங்குபவரைக் குறை கூறுவது புதிதன்று. குதிரைகள் மாண்டதற்குத் தட்பவெப்பமும் காரணம், தீவன மாற்றமும் காரணம், ஈக்கள் பரப்பும் 'சர்ரா' போன்ற நோய்களும் காரணம். கடிவாளம் ஒன்றே கொன்றது என்று எவரும் சொல்ல முடியாது. அமீர் குஸ்ரூவின் கணக்குப்படி, 1311-இல் மாலிக் காஃபூர் இப்பக்கத்துப் படையெடுப்பிலிருந்து திரும்பியபோது 5,000 குதிரைகளைக் கொண்டு சென்றார். ஆக, எல்லாக் குதிரையும் அழிந்துவிடவும் இல்லை.

எனினும், ஒருவர் முஸ்லிம், மற்றவர் கிறிஸ்தவர். ஒருவர் விற்ற நாட்டைச் சேர்ந்தவர், மற்றவர் வழிப்போக்கர். இருவரும் ஒரே இடத்தைத்தான் சுட்டுகிறார்கள். குதிரை வந்தது. பயிற்றுவிப்பவர், மருத்துவர், பொருந்தும் சவாரிக் கருவி ஆகியவை தேவையான அளவு வரவில்லை. வெப்பத்தை யாராலும் மாற்ற இயலாது. வாரின் துளையை மாற்ற ஒரு விரல் போதும்.

அறிவு இல்லாமல் இல்லை

அந்த அறிவு முஸ்லிம் உலகில் இல்லாதிருந்தால் குற்றம் சாட்ட இடமில்லை. ஆனால் அது நிறைந்திருந்தது. கால்நடை மருத்துவத்துக்கு 'பைத்தரா' என்றும் அதை அறிந்தவருக்கு 'பைத்தார்' என்றும் பெயர். குதிரையேற்றக் கலை 'ஃபுரூஸிய்யா' எனப்பட்டது. 9-ஆம் நூற்றாண்டிலேயே அப்பாஸியர் அவையைச் சேர்ந்த இப்னு அகீ ஹிஸாம் குதிரைப் பயிற்சியையும் மருத்துவத்தையும் பற்றி விரிவான நூல் எழுதிவிட்டார். காயல் வணிகம் நடந்த காலத்தை அடுத்து, எகிப்தின் மம்லூக் சுல்தான் நாசிர் முஹம்மதின் அவையில் அபூபக்ர் அல்-பைத்தார் தம் பெருநூலைப் படைத்தார். குதிரையின் பல், வாய், குளம்பு, சேணம், நோய், மருந்து அனைத்தும் அவர்களுடைய ஆய்வுப் பொருள்கள். மரக்கலத்தில் குதிரைக்கு இடம் இருந்ததைப் போல அந்த அறிவுக்கும் இடம் இருந்திருக்க வேண்டும்.

ஏன் இத்தனை நுட்பம் தேவை? கடிவாளம் வேலை செய்யும் இடத்தைப் பார்த்தால் புரியும். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஈறுப் பகுதி உண்டு. அந்த இடைவெளியில்தான் வாயிரும்பு அமர்கிறது. அங்கே எலும்பை மூடியிருப்பது மெல்லிய தோல் மட்டுமே. இரும்புக்கு அடியில் நாக்கு இருக்கிறது. காதுகளுக்குப் பின்னே தலைவார் அழுந்தும் இடத்திலும், கன்னத்தில் வார்கள் ஓடும் இடத்திலும் நரம்புகள் தோலை ஒட்டியே செல்கின்றன. நானூறு கிலோ எடையுள்ள உயிரை ஒரு மனிதன் இரண்டு விரலால் திருப்ப முடிகிறதென்றால், அந்த வாய் அவ்வளவு உணர்வுடையது என்பதே காரணம். முரட்டுக் கைக்கும் பொருந்தா இரும்புக்கும் அந்த உணர்வே வதையாகிவிடுகிறது.

ஒரு குதிரையின் கடிவாளம் மற்றொன்றுக்குப் பொருந்தும் என்பதும் இல்லை. அரபுக் குதிரைக்கு நெற்றி அகலம், முகம் குட்டை, மூக்கு நுனி குறுகல், வாய் சிறிது. மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளின் காதுகள் உள்நோக்கி வளைந்தவை. தலைவாரும் நெற்றிப்பட்டையும் அவற்றின் காதடியை உரசாமல் இருக்கத் தனிக் கவனம் வேண்டும். அரபுக் குதிரைக்குப் பெரிய தலைக்கான கடிவாளத்தை மாட்டினால் இரும்பு வாயில் ஆடிப் பற்களில் மோதும். இறுக்கிக் கட்டினால் உதடு கிழியும்.

வாயில்லா ஜீவனின் வழக்கு

இனி நம் மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மூச்சிரைக்கப் பாயும் குதிரைகளைக் கொண்டு சத்தியம் செய்து தொடங்கும் 'அல்-ஆதியாத்' அத்தியாயத்தை நாம் தொழுகையில் ஓதுகிறோம். அச்சத்தியத்தை அடுத்து அல்லாஹ் சொல்வது, மனிதன் தன் இறைவனுக்கு நன்றி கெட்டவனாக இருக்கிறான் என்பதைத்தான். எசமானுக்காக நெருப்புப் பறக்க ஓடுகிற குதிரையை முதலில் காட்டிவிட்டு, பிறகு மனிதனைக் காட்டுகிறது அந்த அத்தியாயம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குதிரையின் நெற்றி முடியோடு மறுமை நாள்வரை நன்மை பிணைக்கப்பட்டிருப்பதாகக் கூறிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. தம் மேலாடையால் குதிரையின் முகத்தை அவர்கள் துடைத்துக்கொண்டிருந்ததாகவும், குதிரைகளின் விஷயத்தில் இரவில் தாம் கண்டிக்கப்பட்டதாகச் சொன்னதாகவும் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா அறிவிக்கிறது. விலங்கின் முகத்தில் அடிப்பதையும் சூடு போடுவதையும் அவர்கள் தடுத்தார்கள் (முஸ்லிம்). கடிவாளம் இருப்பதும் முகத்தில்தான்.

நம் பொருளுக்கு மிக நெருக்கமான செய்தி அபூதாவூதில் உள்ளது. குதிரைகளைக் கட்டி வளருங்கள், அவற்றின் நெற்றியையும் பின்புறத்தையும் தடவிக் கொடுங்கள், கழுத்துப் பட்டை அணிவியுங்கள். ஆனால் வில்லின் நாணைக் கழுத்தில் கட்டாதீர்கள் என்பது அதன் கருத்து. கண்ணேறு கழியும் என்ற மூடநம்பிக்கையால் நாண் கட்டும் அறியாமைக் கால வழக்கத்தை ஒழிக்கவே இத்தடை என்று இமாம் மாலிக் (ரஹ்) விளக்கினார்கள். ஓடும்போது நாண் இறுகிக் கழுத்தை நெரித்துவிடும் என்பதும் அறிஞர்கள் கூறிய மற்றொரு காரணம். பட்டை ஆகும், நாண் ஆகாது. இரண்டும் கழுத்தைச் சுற்றுபவைதாம். ஒன்று அகன்று தாங்குவது, மற்றொன்று மெலிந்து அறுப்பது. விலங்கின் உடலில் எது அமர்கிறது, எப்படி அமர்கிறது என்பது வரை அக்கறை நீண்டிருப்பதை இதில் காண்கிறோம்.

விற்பனையின் ஒழுக்கத்துக்கும் நம்மிடம் ஒரு குதிரைக் கதை உண்டு. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவருடைய பணியாள் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்தார். ஜரீர் (ரலி) குதிரையைப் பார்த்துவிட்டு, "உமது குதிரை இதைவிட மதிப்புள்ளது" என்று விற்பவரிடமே சொல்லி, படிப்படியாக உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபி (ஸல்) அவர்களிடம் தாம் உறுதிமொழி அளித்திருப்பதையே காரணமாகக் கூறினார்கள் (தப்ரானீ). அறியாத விற்பவனிடம் விலையை மறைக்காதவர் அவர். அறியாத வாங்குபவனிடம் பேணும் முறையை மறைப்பது எவ்வகையில் தகும்? போலோ சொன்னது பாதி உண்மையாக இருந்தாலும், அந்த வணிகர் எவராயினும், ஜரீர் (ரலி) அவர்களின் தராசில் அது நிற்காது.

இதைச் சொல்வதால் முன்னோரை இழிவுபடுத்துவதாக எவரும் கருத வேண்டாம். அலைகடலைத் தாண்டி வந்த அவர்களின் துணிவும், அந்நிய மன்னரின் நம்பிக்கையைப் பெற்ற அவர்களின் நேர்மையும் உண்மை. அவர்களின் சிறப்பை வாரிசாகப் பெற நாம் விரும்பினால், அவர்கள் விட்டுச் சென்ற கடனையும் சேர்த்தே பெறுகிறோம். அந்தக் கடனைக் குதிரைகளிடம்தான் தீர்க்க வேண்டும்.

கடன் தீர்க்கும் வழி

இன்று விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் குதிரையைப் பெரும்பாலும் நாம் காண்பது நிக்காஹ் ஊர்வலத்திலோ, சந்தனக்கூட்டிலோ, பொழுதுபோக்குச் சவாரியிலோதான். குதிரை வளர்ப்போர் சிலரே. வாடகைக்கு அமர்த்துவோர் பலர். இரு சாராரும் பார்க்க வேண்டியவை அதிகமில்லை.

முதலில் வாயிரும்பு. முள்ளோ, கூரான புடைப்போ உள்ள கடிவாளம் இந்திய நாட்டின் சட்டப்படியே குற்றம். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டத்தின் கீழ் 1965-இல் வகுக்கப்பட்ட விதிகள் அதைத் தடுக்கின்றன. தடையை மீறி அத்தகைய முள் இரும்புகள் இன்னும் புழங்குகின்றன. ஆகவே குதிரையின் வாயைத் திறந்து காட்டச் சொல்ல நமக்கு உரிமையும் கடமையும் உண்டு. இரும்பு வழவழப்பாக, துருவில்லாமல், தேய்ந்த விளிம்பில்லாமல் இருக்க வேண்டும். வாயின் இருபுறமும் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் வெளியே தெரிய வேண்டும். அதற்குக் குறைந்தால் உதட்டை நெரிக்கும், மிகுந்தால் வாய்க்குள் இழுபடும். உதட்டோரத்தில் ஓரிரு மெல்லிய மடிப்பு இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் கன்ன வாரைத் தளர்த்த வேண்டும்.

அடுத்து வார்கள். தொண்டை வாருக்கும் தாடைக்கும் இடையே நான்கு விரல் நிமிர்ந்து நுழைய வேண்டும். இல்லையேல் குதிரை தலையைத் தாழ்த்தும்போது மூச்சு முட்டும். மூக்குப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். இதைக் கன்னத்தின் ஓரத்தில் சோதித்து ஏமாறக்கூடாது. மூக்கின் மேல் எலும்பில் சோதிக்க வேண்டும். உலக அளவிலான குதிரையேற்றப் போட்டிகளிலேயே இவ்விறுக்கம் பெருஞ்சிக்கலாகி, சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025-இல் அதை அளக்கத் தனிக் கருவியைக் கொண்டுவந்தது. நெற்றிப்பட்டை தலைவாரைக் காதடிக்கு இழுக்கக்கூடாது. கொக்கிகள் கண்ணருகிலும் கன்ன எலும்பின் மேலும் அமரக்கூடாது.

மூன்றாவது தோல். நம் கோடையில் குதிரையின் வியர்வை உப்பாகிப் படிந்து தோலை மரம்போல் விறைக்கச் செய்யும். விறைத்த விளிம்பு கத்திக்கு நிகர். பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, அவ்வப்போது எண்ணெய் பூச வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் திண்டுக்கல்லிலும் தோல் பதனிடும் தொழிலில் தலைமுறைகளாக இருக்கும் நம் சமுதாயத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடைசியாக வெடி. நாட்டுக்கே பட்டாசு தரும் மண் இது. இங்கே வெடியில்லாத விசேஷம் அரிது. ஆனால் நம்மைவிடக் கூர்மையான செவியுடைய விலங்கு குதிரை. மிரண்டால் ஓடித் தப்புவதே அதன் இயல்பு. அந்த நேரத்தில் வாயை இழுத்தால், ஓசையின் அச்சத்தோடு இரும்பின் வலியும் சேர்ந்து, இரண்டிலிருந்தும் தப்பவே அது இன்னும் துடிக்கும். அதன் வாய் கிழிவதும் மேலே இருப்பவர் விழுவதும் அப்போதுதான். குதிரை வேண்டுமென்றால் வெடி வேண்டாம். வெடி வேண்டுமென்றால் குதிரை வேண்டாம். நம் வீட்டு நிக்காஹ் எந்த உயிரின் குருதியோடும் தொடங்க வேண்டியதில்லை.

கயிறு மாறியதோடு பொறுப்பு தீர்ந்தது என்பது சந்தையின் சட்டம். வாடகை கொடுத்தேன், குதிரைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று நாம் நினைப்பதும் அதே சட்டம்தான். அல்லாஹ்விடம் அது செல்லாது. பூனையைக் கட்டிப்போட்டு உணவும் தராமல், அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் முடிவை நாம் அறிவோம். அவள் விசாரிக்கப்பட்டது ஒரு கயிற்றுக்காக.

அபூதாவூதில் மற்றொரு நிகழ்ச்சி உண்டு. நபி (ஸல்) அவர்கள் அன்சாரி ஒருவரின் தோட்டத்துக்குள் நுழைந்தபோது அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு முனகிக் கண்ணீர் வடித்தது. அவர்கள் அருகே சென்று அதன் காதுகளின் பின்புறத்தைத் தடவினார்கள், அது அமைதியடைந்தது. பிறகு அதன் சொந்தக்காரரை அழைத்து, அல்லாஹ் உம் பொறுப்பில் தந்த இவ்விலங்கின் விஷயத்தில் அவனுக்கு அஞ்ச வேண்டாமா, நீர் இதைப் பட்டினி போட்டு வேலை வாங்கி வதைப்பதாக என்னிடம் முறையிடுகிறது என்று கண்டித்தார்கள்.

காதுகளின் பின்புறம் என்பது, குதிரையின் தலையில் கடிவாளத்தின் தலைவார் அழுந்தும் இடம். அடுத்த முறை ஒரு குதிரையின் பக்கத்தில் நிற்க நேர்ந்தால், படம் எடுப்பதற்கு முன் அந்த இடத்தில் ஒரு விரலை நுழைத்துப் பாருங்கள். விரல் நுழையவில்லை என்றால் உரியவரிடம் மென்மையாகச் சொல்லி ஒரு துளை தளர்த்தச் சொல்லுங்கள். எழுநூறு ஆண்டுக் கடனில் நம் பங்கு அவ்வளவில் தொடங்கட்டும், இன்ஷா அல்லாஹ்.